இருவழி அட்டவணை ஒன்றுதான், ஆனால் நானும் நண்பரும் வேறு வேறு முடிவு சொல்கிறோம். யார் சொல்வது சரி?

கேள்வியில் இருக்கும் அட்டவணையை முதலில் இங்கே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். செய்தியை எதில் படிக்கிறீர்கள் என்று 150 பேரிடம் கேட்டு, வயது ஒரு வழி, எதில் படிக்கிறார்கள் என்பது இன்னொரு வழி என்று பிரித்து எண்ணியிருக்கிறீர்கள்.

30 வயதுக்குள்: போனில் 45, அச்சில் 5, மொத்தம் 50
30ஐத் தாண்டியவர்கள்: போனில் 60, அச்சில் 40, மொத்தம் 100
எல்லோரும் சேர்த்து: போனில் 105, அச்சில் 45, மொத்தம் 150

"போனில் படிப்பதில் பெரியவர்கள்தான் முன்னால், 57%" என்கிறீர்கள் நீங்கள். "இல்லை, இளையவர்கள்தான், 90%" என்கிறார் நண்பர். வகுத்தது இரண்டு பேருமே சரியாகத்தான் வகுத்திருக்கிறீர்கள். 60ஐ 105ஆல் வகுத்தால் 57%. 45ஐ 50ஆல் வகுத்தால் 90%. ஆனால் முடிவு என்று வந்தால் நான் நண்பர் பக்கம்.

பள்ளியில் நிரை, நிரல் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எது குறுக்கே போகும், எது கீழே இறங்கும் என்று இன்றைக்கும் ஒரு நொடி தடுமாறுவேன். அதனால் 'இல்' என்ற உருபைப் பிடித்துக்கொண்டேன். சதவீதத்தை முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். "இளையவர்களில் 90% பேர் போனில் படிக்கிறார்கள்." "போனில் படிப்பவர்களில் 57% பேர் பெரியவர்கள்." எந்தக் கூட்டத்தோடு 'இல்' ஒட்டுகிறதோ அந்தக் கூட்டத்தின் மொத்தம்தான் வகுக்கும் எண். (ஆட்களோடு ஒட்டும் 'இல்' மட்டும்தான். 'போனில்' என்பதில் இருப்பது கணக்கில் வராது.) "கேட்ட எல்லோரிலும் 30% பேர் போனில் படிக்கும் இளையவர்கள்" என்று மூன்றாவதாக ஒன்றும் சொல்லலாம், 45ஐ 150ஆல் வகுத்து. ஒரே 45 பேர், வாக்கியத்துக்கு வாக்கியம் வேறு சதவீதம்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு கௌரவமானது இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாடிக்கையாளர் சர்வே ஒன்றுக்கு அறிக்கை எழுதினேன். புகார் சொன்ன 20 பேரில் 14 பேர் புது வாடிக்கையாளர்கள். எக்செலில் தரவைத் தொகுத்து இப்படி அட்டவணை போட்டுத் தரும் பிவட் டேபிளில் சதவீதத்தை எந்த மொத்தத்துக்குக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தைக் கவனிக்காமல், வந்த 70%ஐ அப்படியே எடுத்து "புது வாடிக்கையாளர்களில் 70% பேர் புகார்" என்று தலைப்புப் போட்டுவிட்டேன். கூட்டத்தில் மேலாளர், "அப்போ பத்துப் பேர் வந்தால் ஏழு பேர் திட்டிவிட்டுப் போகிறார்களா?" என்றார். புது வாடிக்கையாளர்கள் மொத்தம் 400 பேர். உண்மையில் அது 3.5%. 'இல்' உருபை இடம் மாற்றி ஒட்டியதற்கு அன்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரி, நண்பர் பக்கம் ஏன்? நீங்கள் 50 இளையவர்களையும் 100 பெரியவர்களையும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் நீங்கள் யாரைப் போய்க் கேட்டீர்கள் என்பதால் வந்தது. இளையவர்களையும் 100 பேர் கேட்டிருந்தீர்கள், அவர்களும் இதே பாங்கில் பதில் சொன்னார்கள் என்று வையுங்கள். போனில் படிக்கும் இளையவர் 90, பெரியவர் 60. இப்போது போனில் படிப்பவர்களில் பெரியவர்கள் 40%தான், உங்கள் 57% காணாமல் போய்விட்டது. நண்பரின் 90% அசையவில்லை. ஆளெடுத்த விதத்தால் ஆடும் எண்ணை வைத்துப் பழக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. ஊரில் இருக்கும் விகிதத்திலேயே ஆளெடுத்திருந்தால் உங்கள் எண்ணுக்கும் வேலை உண்டு. போனில் செய்தி கொடுப்பவருக்குத் தன் வாசகர்கள் யார் என்பதுதானே தெரிய வேண்டும்.

வயதுக்கும் பழக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க, கட்டத்தில் இருக்கும் எண்ணை ஓரத்து மொத்தங்களோடு ஒப்பிட்டாலே போதும். எல்லோரிலும் போனில் படிப்பவர்கள் 70%. தொடர்பே இல்லையென்றால் இளையவர்களிலும் ஏறக்குறைய அதே 70%, அதாவது 35 பேர் இருக்க வேண்டும். இருப்பது 45. இந்த மாதிரி இடைவெளிகளை எல்லாக் கட்டத்துக்கும் சேர்த்து அளப்பதுதான் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1900இல் கொடுத்த கை-வர்க்கச் சோதனை. உங்கள் அட்டவணைக்கு அது சுமார் 14 வரும். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் 3.84ஐத் தாண்டினாலே தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம் என்பார்கள், அதனால் இங்கே சந்தேகமில்லை.

அப்புறம், இரண்டு வழியோடு நின்றுவிடாதீர்கள். 1912இல் மூழ்கிய டைட்டானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வே இல்லைதான், ஆனால் இதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. புள்ளியியல் வகுப்புகளில் புழங்கும் 2201 பேர் பட்டியலின்படி மூன்றாம் வகுப்புப் பயணிகள் 706 பேரில் 178 பேர் பிழைத்தார்கள், 25%. கப்பல் ஊழியர்கள் 885 பேரில் 212 பேர், 24%. மூன்றாம் வகுப்பு ஒரு மயிரிழை மேல் என்று தோன்றுகிறது. ஆண், பெண் என்று பிரித்துப் பாருங்கள். ஆண்களில் ஊழியர் 862க்கு 192, அதாவது 22%. மூன்றாம் வகுப்பு 510க்கு 88, 17%. பெண்களில் ஊழியர் 23க்கு 20, 87%. மூன்றாம் வகுப்பு 196க்கு 90, 46%. இரண்டு பக்கமும் ஊழியர்கள்தான் மேல், சேர்த்தால் மட்டும் கீழே போகிறார்கள்! பெண்களுக்குப் படகில் முன்னுரிமை கிடைத்தது, ஊழியர்களில் பெண்கள் 23 பேர்தான். அவ்வளவுதான் மாயம். சிம்ப்சன் முரண் என்று இதற்குப் பெயர். முதல் தடவை பார்த்தபோது கால்குலேட்டரில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

உங்கள் படிவத்தில் படிப்பு, வேலை என்று ஏதாவது கேட்டிருந்தால் அதை வைத்தும் பிரித்துப் பாருங்கள். ஒன்று மட்டும்: அச்சில் படிக்கும் இளையவர்கள் மொத்தமே 5 பேர். மேலும் பிரித்தால் ஒரு கட்டத்தில் 2, இன்னொன்றில் 3 என்று நிற்கும். அந்தக் கட்டங்களுக்குச் சதவீதம் போடாமல் ஆள் எண்ணிக்கையையே எழுதிவிடுங்கள். பதில் சொல்லாமல் விட்டவர்கள் இருந்தால் அவர்கள் எத்தனை பேர் என்பதையும் அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.