வரைபடம் மட்டும் தெரிந்தவர் டெல்லிக்கு வரலாமா?

கிண்டியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (கணினியில் வரைபடமும் இடத் தகவலும் கையாளும் படிப்பு) முடித்துவிட்டு, டெல்லி எஸ்பிஏ என்கிற திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரியில் போக்குவரத்துத் திட்டமிடல் படிக்க இடம் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வரைபடம் தெரியும், போக்குவரத்தும் தெரியாது, இந்தியும் தெரியாது, சமாளிப்பேனா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்க தம்பி. பதினாறு வருடத்துக்கு முன் நானும் இதே பயத்தோடுதான் வந்து இறங்கினேன்.

பாடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் செமஸ்டரில் சிவில் படித்தவர்கள் கொஞ்சம் முந்துவார்கள். நகரத்தை மண்டலங்களாகப் பிரித்து க்யூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில் ஏற்றும் நாளில் எல்லோரும் உங்கள் மேசைக்குத்தான் வருவார்கள்.

இந்தி எனக்கு சர்வேயில்தான் வந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்று, பயணிகளிடம் "கஹாங் ஸே, கஹாங் தக்?" (எங்கிருந்து, எதுவரை?) என்று கேட்டு எழுத வேண்டும். ஒரு பெரியவர் "ஜமுனா பார்" என்றார். எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். இரவு மண்டல எண் போட உட்கார்ந்தால், யமுனைக்குக் கிழக்கே உள்ள டெல்லி முழுவதற்கும் அதுதான் பெயர்! இன்னொருவர் தாளில் "லால் பத்திக்குப் பக்கத்தில்" என்று இருந்தது. லால் பத்தி என்றால் சிக்னல். இந்த ஊரில் எந்த சிக்னலென்று தேடுவது? மறுநாளிலிருந்து, பக்கத்தில் என்ன கோயில், என்ன மார்க்கெட் என்று கேட்கப் பழகினேன். அந்த அடுத்த கேள்வியைக் கேட்கும் அளவுக்கு இந்தி இருந்தால் போதும்.

அப்புறம், வாகனங்களோடு ஆட்களையும் எண்ணுங்கள். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. தூரத்துக்கு, சாலை நடுவே பஸ்ஸுக்கென்று தனித்தடம் 2008இல் வந்தது. அங்கே நின்று நாங்கள் எண்ணியிருக்கிறோம். கணக்குத் தாளில் ஒரு பஸ் ஏறக்குறைய மூன்று காருக்குச் சமம், அவ்வளவுதான். உள்ளே நெருக்கியடித்து நின்ற ஐம்பது அறுபது பேர் அந்தத் தாளில் இல்லை. காரில் போனவர்களின் கோபம்தான் ஊருக்கெல்லாம் கேட்டது. 2016இல் தடத்தையே பெயர்த்துவிட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

தங்க மயூர் விஹார் பாருங்கள், தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நீல வழி மெட்ரோவில் ஏறி மண்டி ஹவுஸில் மாறினால் அடுத்த நிறுத்தம் ஐடிஓ, அங்கேதான் கல்லூரி. நல்ல ஸ்வெட்டரும் கையுறையும் வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பர் காலை ஏழு மணிக்குப் பனிமூட்டத்தில் நின்று கோடு போட்டு எண்ணும்போது விரல் மரத்துப்போகும்.