டென்மார்க்கின் சேபியா பேண்டின் பாடகர் சோரன் ஹூஸின் டெனிஷ் தனி ஆல்பம் அவ்வளவு பெரிய விஷயமா? எனக்கு ஒட்டவே இல்லையே?

பெரிய விஷயம்தான். ஆனால் ஒட்டவில்லை என்றால் அது உங்கள் பிழையும் இல்லை.

கேள்விக்குக் கீழே விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியில் படிக்கும்போது சேபியாவின் 'த செக்கண்ட் யூ ஸ்லீப்' பாட்டு பிடித்துப்போனதாம். பாடினவரைத் தேடிப் போனால் 2010இல் வந்த 'ட்ரோயன் ஓ இங்ஙென்' என்ற ஆல்பம் கிடைத்ததாம். எல்லாமே மெதுவாக, முணுமுணுப்பாக, விளங்காத மொழியில் இருந்ததாம். கடைசியில் ஒரு வரி: "ஆங்கிலத்தில் பாடி வெளிநாடுகளிலும் பேர் எடுத்தவர், ஏறத்தாழ அறுபது இலட்சம் பேரே இருக்கிற ஒரு நாட்டின் மொழிக்கு ஏன் இறங்கி வந்தார்?"

அந்த 'இறங்கி' என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. இல்லாவிட்டால் மாலை வேலை முடித்து வந்து, சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு போனில் இவ்வளவு தட்ட எனக்கென்ன விசரா.

நீங்கள் எப்படிக் கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். வேலை செய்துகொண்டு, ஒரு காதில் மட்டும் மாட்டி, மூன்றாவது பாட்டில் அடுத்ததுக்குத் தாண்டியிருப்பீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான். இத்தனைக்கும் எனக்கு டெனிஷ் தெரியும். ஒன்பது வயதில் டென்மார்க்கின் யூலாண்டுப் பக்கம் வந்தவள், பள்ளிக்கூடம் முழுக்க இங்கேதான். (இசை தெரியாதவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுருதி, கோர்ட் என்று ஆராய்ச்சி எதிர்பார்க்கிறவர்கள் அடுத்த பதிலுக்குப் போகலாம். 'அம்மா சொன்னா' என்று எழுதினால் எழுத்துப்பிழை என்று திருத்த வருகிறவர்களும் போகலாம். எங்கள் வீட்டில் அம்மா சொன்னா, சொன்னாள் இல்லை.)

ஆளைப் பற்றித் தெரியாமல் இந்த ஆல்பத்தைக் கேட்பதில் பாதி போய்விடும். சேபியா ஃபூன் தீவில் நைபோர்க் என்ற சின்ன ஊரின் பேண்ட். யூலாண்டில் இருந்து கொப்பன்ஹேகன் போகிறவர்கள் பெரிய பாலத்தில் ஏறும் முன் கடைசியாகக் கடக்கிற ஊர், அவ்வளவுதான். 1993இல் தொடங்கி, 2002இல் முதல் ஆல்பம். அது இங்கே மட்டுமில்லை, நோர்வே, ஒல்லாந்து என்று ஓடியது. அந்தக் காலத்தில் டெனிஷ் ரொக் பேண்ட் என்றால் ஆங்கிலத்தில் பாடுவதுதான் வழக்கம். காஷ்மீர், மியூ என்ற பேண்டுகள் எல்லாம் அப்படித்தான். மூன்றாவது ஆல்பம் 2007இல் வந்தது. அதே வருஷம் ஹூஸின் வாழ்க்கைத் துணை வீதி விபத்தில் இறந்துபோனார். சின்ன மகளோடு அவர் தனியானார். அடுத்த வருஷம் பேண்ட் நின்றது. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த ஆல்பம், முழுக்க டெனிஷில். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நம்பிக்கையும் ஒருவருமின்மையும்' என்று வரும். தமிழில் கொஞ்சம் நொண்டுகிறது, டெனிஷில் நொண்டாது.

யாராவது வந்து, "அப்போது டெனிஷ் பாட்டுக்குத்தானே சந்தை, 2009இல் பொப் பாடகர் ராஸ்முஸ் ஸீபாக் டெனிஷில் பாடி விற்றுத் தள்ளவில்லையா, இதுவும் கணக்குத்தான்" என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். ஸீபாக் கேட்டால் கால் ஆடும். இதைக் கேட்டு யாருக்குக் கால் ஆடியது?

நீங்கள் 'ஃபோக் மாதிரி' என்று எழுதியதற்கு ஒரு சின்னத் திருத்தம். வயலின் வைத்துக் குதிக்கிற ஃபோக் இல்லை இது. இங்கே 'விஸெ' என்று ஒன்று இருக்கிறது. ஒரு கிட்டார், ஒரு கதை, பக்கத்துக் கதிரையில் இருந்து சொல்கிற மாதிரி ஒரு குரல். டெனிஷ்காரர் கூடிப் பாடுகிற சனம். 1894இல் முதலில் அச்சான ஒரு பாட்டுப் புத்தகம் இன்னும் புதுப் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது, முதியோர் இல்லத்தில் காலையில் அதைத் திறந்து வைத்துப் பாடுவார்கள். பெயர் மறந்த கிழவிக்கும் வரி மறக்காது. ஹூஸ் ரொக் மேடையில் இருந்து வந்தது அந்தக் கதிரைக்குத்தான். அதை இறக்கம் என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை. காலையில் முதல் வேலை பெரும்பாலும் காலுறை. இரத்த ஓட்டத்துக்கான இறுக்கமான காலுறை, அதை அவர்களாகவே போட முடியாது, நாங்கள் போய் இழுத்துவிட வேண்டும். 2013 பனிக்காலத்தில் அப்படி ஒரு தாத்தாவிடம் போய்க்கொண்டிருந்தேன். ஊருக்கு வெளியே பழைய பண்ணை வீடு. பன்றி வளர்த்தவர், மனைவி செத்து ஒரு வருஷம். கதை குறைவு. யூலாண்ட்காரருக்கு 'மோசமில்லை' என்றால் அதி அற்புதம் என்று அர்த்தம், அந்த ரகம்.

ஒருநாள் போனால் குசினியில் சீடி ஓடுகிறது. இந்த ஆல்பத்தில் உள்ள 'டக் ஃபோ டான்சன்'. 'ஆடியதற்கு நன்றி' என்று அர்த்தம். இந்தப் பாட்டை இங்கே செத்தவீடுகளில் போடுவார்கள். அவருடைய மனைவிக்கும் பேரப்பிள்ளை அதைத்தான் தேர்ந்தெடுத்துப் போட்டதாம். நான் காலடியில் குந்தி இருந்து காலுறையை இழுத்துக்கொண்டு, சும்மா கதை கொடுக்க, "நல்ல பாட்டு" என்றேன்.

"பெடியன் நல்லாப் பாடுறான்" என்றார். "ஆனால் அவனுக்கு ஆடத் தெரியாது எண்டு நினைக்கிறன்."

பிறகு அவராகவே சொன்னார். அவர்கள் இளமையில் சனிக்கிழமைகளில் ஊர் மண்டபத்தில் ஆட்டம் நடக்குமாம். ஆட்டம் முடிந்ததும் ஆண் 'டக் ஃபோ டான்சன்' என்று சொல்லி, பெண்ணை அவள் எழும்பி வந்த கதிரைக்கே கூட்டிக்கொண்டுபோய் இருத்திவிட வேண்டும். நடுவில் விட்டுவிட்டு வரக்கூடாது, அது மரியாதை இல்லை. "கதிரை வரைக்கும்" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு மற்றக் காலை நீட்டினார்.

நான் அந்தச் சொற்களை அதுவரை வெறும் உபசார வார்த்தையாகத்தான் நினைத்திருந்தேன். டெனிஷில் எதற்கெடுத்தாலும் நன்றிதான். சாப்பிட்டு எழும்பினால் 'டக் ஃபோ மெள', சாப்பாட்டுக்கு நன்றி. போன கிழமை சந்தித்தவரை மறுபடி கண்டால், போன தடவைக்கு நன்றி. வேலை முடிந்து போகும்போது, இன்றைக்கு நன்றி. ஒவ்வொன்றும் ஏதோ ஒன்று முடிந்தது என்று கதவைச் சாத்துகிற சொல். அதில் ஒன்றை எடுத்து, முடியவே கூடாத ஒன்றின் மேல் வைத்திருக்கிறார் ஹூஸ். ஆங்கிலத்திலும் அந்தச் சொற்கள் இருக்கின்றன, ஆனால் பின்னால் கதிரை இல்லை.

அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தேன். அதற்கு எனக்குக் கிடைத்தது விளக்கம் கேட்டு ஒரு கூப்பிடல். ஏனென்றால் காலுறைக்கு அட்டவணையில் பத்து நிமிடம், நான் நின்றது இருபத்து நான்கு. எங்கள் போனில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிமிடம் போட்டிருக்கும், உள்ளே போகும்போது தட்ட வேண்டும், வெளியே வரும்போது தட்ட வேண்டும். ஒரு மனிதன் மனைவியைப் பற்றி வாய் திறக்கிற நிமிடத்துக்கு அதில் ஒரு கட்டம் இல்லை. மேலதிகாரி நல்ல மனுசி, "எனக்கு விளங்குது, ஆனால்" என்றுதான் தொடங்கினார். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். பத்து வருஷமாகப் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதுகிறார்கள், தேர்தலுக்குத் தேர்தல் மாற்றுவோம் என்கிறார்கள், என் போனில் காலுறை இன்னும் பத்து நிமிடம்தான். சரி, இது கேள்விக்குச் சம்பந்தமில்லை.

அம்மாவுக்கு 2016இல் மறதி தொடங்கியது. பதினான்கு வருஷம் கோழி ஆலையில் நின்று வேலை செய்தவ, டெனிஷ் கடைசி வரை ஆலை டெனிஷ்தான். கெட்ட வார்த்தை எல்லாம் அச்சுக் குத்தின மாதிரி வரும், வைத்தியரிடம் கதைக்க என்னைக் கூப்பிடுவா. முதலில் போனது எண்கள். டெனிஷில் ஐம்பதுக்கு 'இரண்டரை இருபது' என்ற கணக்கில் ஒரு சொல், தொண்ணூறுக்கு 'நாலரை இருபது'. நல்ல மூளைக்கே கஷ்டம். பிறகு பக்கத்து வீட்டுக்காரியின் பெயர், பிறகு வணக்கம் சொல்வது. இரண்டு வருஷத்தில் முழுத் தமிழ். பராமரிக்க வருகிற வெள்ளைப் பெட்டையிடம், "பிள்ளை, தண்ணி சுடுதடி" என்பா. அவள் சிரித்துக்கொண்டு இன்னும் சுடுதண்ணீரைத் திறப்பாள். இப்படிப் பிறகு வந்த மொழி முதலில் போவது இங்கே வேலை செய்கிற எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். துருக்கிக்காரருக்கும் அதுதான், பொஸ்னியாக்காரருக்கும் அதுதான்.

அதனால்தான் உங்கள் 'இறங்கி' எனக்குச் சுட்டது. எல்லாம் விழும்போது ஆள் போய் நிற்கிற இடம் தாய்மொழிதான், ஹூஸ் அங்கேதான் போனார் என்று எழுத வந்தேன். ஆனால் எழுத எழுத என் கதையே எனக்கு இடறுகிறது. ஏனென்றால் அம்மாவிடம் ஒரே ஒரு டெனிஷ் மிஞ்சியிருந்தது. 'டக் ஃபோ மெள'.

அந்தக் கடைசிச் சொல்லின் முடிவில் எழுத்தில் இருப்பது 'ட', வாயில் வருவது த-வும் இல்லை, ல-வும் இல்லை. ஊரெல்லாம் அதில் தடக்கி விழும். அம்மா அந்த இடத்தில் ஒரு ழ-வைப் போட்டு, மொழிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையிடம் பாராட்டு வாங்கினவ. என் பெயர் போன பிறகும் அது போகவில்லை. நான் புட்டும் சம்பலும் பிசைந்து தீத்துவேன். கடைசி வாய் முடிந்ததும் என்னைப் பார்த்து மரியாதையாக, ஆலைக் கன்டீன்காரிக்குச் சொல்கிற மாதிரி, "டக் ஃபோ மாழ்" என்பா. எங்கள் வீட்டில் யார் யாருக்குச் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னது? எனக்குக் கோபம் வரும். "அம்மா, நான் உங்கட மகள்" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அவ பயந்து, இன்னொரு தடவை நன்றி சொன்னா.

அந்த இரவு காரில் இந்த ஆல்பத்தை முழுக்கக் கேட்டேன். ஹேர்னிங்கில் இருந்து எங்கள் ஊருக்கு வருகிற வீதி, மழை, விளக்கு இல்லை. 'எட் ஹவ் அ ஊஸ்ட்ராக்டெ ஹென்னர்' என்று ஒரு பாட்டு இருக்கிறது, 'நீட்டிய கைகளின் கடல்'. தலைப்பைக் கேட்டால் ஆறுதல் மாதிரி இருக்கும். எனக்கு அன்றைக்கு அப்படிப் படவில்லை. அத்தனை கை நீண்டால் எந்தக் கையைப் பிடிப்பது என்றுதான் பட்டது. பாடினவர் அந்த அர்த்தத்தில் எழுதினாரா என்று சண்டைக்கு வராதீர்கள், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். தாத்தாவின் கதிரை நினைவு வந்தது. அம்மாவும் என்னைக் கதிரை வரைக்கும் கூட்டிப்போகத்தான் பார்த்தாவோ என்று ஒரு யோசனை வந்தது. அதற்குமேல் யோசிக்க விருப்பமில்லாமல் ஹீட்டரைக் கூட்டினேன்.

அம்மா 2021இல் போனா. செத்தவீட்டில் தேவாரம்தான் பாடினோம், ஒரு டெனிஷ் பாட்டும் போடவில்லை. போட்டிருந்தால் மாமா என்னோடு கதைத்திருக்கமாட்டார்.

உங்களுக்கு என்ன சொல்ல? வேலையோடு கேட்காதீர்கள். 'டக் ஃபோ டான்சன்'னை முதலில் போடாதீர்கள், அது கேட்டுக் கேட்டுத் தேய்ந்த பாட்டு, நடுவில் வந்தால்தான் வேலை செய்யும். அப்படியும் ஒட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். 2012இல் 'ஓப்பெஃப்ரா ஓ நெல்' என்று அடுத்த தனி ஆல்பமும் டெனிஷில்தான். சேபியா 2015இல் திரும்பச் சேர்ந்து ஆங்கிலத்தில் ஒன்று போட்டார்கள், உங்களுக்கு அதுதான் சரிவரும். இதை நக்கலாகச் சொல்லவில்லை.

பின்சேர்க்கை: உள்பெட்டியில் வந்து பாட்டு வரிகளை மொழிபெயர்த்துக் கேட்கிறவர்களுக்கு: மாட்டேன். ஒரு தலைப்பை விளக்கவே எனக்கு ஒரு பன்றிப் பண்ணையும் ஒரு கோழி ஆலையும் தேவைப்பட்டது.