பெரிதானதும் ஏன் சலிக்கிறது?

வணக்கம். போனில் இந்தக் குழி கேம்களை விடாமல் ஆடுகிறேன். சின்னதை விழுங்கிப் பெரிதாகி, அப்புறம் அதைவிடப் பெரியதை விழுங்குவது. முதல் ஒரு நிமிடம் அப்படி ஒரு ஆனந்தம். கட்டடங்களே சரிய ஆரம்பித்ததும் சலித்துவிடுகிறது. ஜெயிக்கும்போது ஏன் சலிக்க வேண்டும்?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சரியான இடத்தில்தான் சலிக்கிறீர்கள். கொஞ்சம் முன்னால் வழிமறித்து நின்ற பொருள் இப்போது நமக்குள்ளே போகிறதே, அந்த ஒரு நொடிக்காகத்தான் இதையெல்லாம் ஆடுகிறோம். மறிக்க எதுவுமே இல்லையென்றால் அந்த நொடி எப்படி வரும்? 2018-இல் வந்த ஹோல்.ஐஓ-வில் பெரிய குழியைச் சின்னக் குழி ஒன்றும் செய்ய முடியாது, அதனால் முன்னால் போனவருக்கு ஆபத்து குறைந்துகொண்டே போகும்.

கெய்டா தகஹாஷியின் 'கடமாரி டமாசி' (நாம்கோ, பிளேஸ்டேஷன் 2, 2004) எனக்கு உயிர். அப்பா வானத்து நட்சத்திரங்களை உடைத்துத் தள்ளிவிட, குட்டி இளவரசன் பூமிக்கு வந்து ஒட்டும் பந்தை உருட்டுகிறான், அகப்பட்டதெல்லாம் அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு பென்சில் குறுக்கே ஒட்டிவிட்டால் பந்து நொண்டி நொண்டித்தான் உருளும். பெரிய பொருள் மேல் மோதினால் ஒட்டியதில் கொஞ்சம் உதிரும். கேமரா பின்னால் போகப் போக, மலை மாதிரி இருந்த மேஜை சாமானோடு சாமானாகி, அப்புறம் மனிதர்கள், வீடுகள், தீவுகள் என்று போகும். நாம் வளரும் ஒவ்வொரு முறையும் நம்மை மறிக்க ஒரு புது உலகம் தயாராக இருக்கும், அதுதான் அதன் மேதைமை.

இன்னொரு வழி, பெரிதாவதற்கே ஒரு விலை வைப்பது. மதேயுஸ் வலடாரெஸ் 2015-இல் வெளியிட்ட அகார்.ஐஓ-வில் நாம் ஒரு வட்ட உயிரணு, பெருக்கப் பெருக்க வேகம் குறையும். ஓடுகிற சின்னவனைப் பிடிக்க வேண்டுமென்றால் உடம்பை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை அவன் மேல் எறிய வேண்டும், அந்தப் பாதியை வேறு யாராவது விழுங்கிவிட்டால் போனதுதான். ஸ்லிதர்.ஐஓ-வில் எவ்வளவு நீளமான பாம்பானாலும் தலை ஒரு குட்டிப் பாம்பின் உடம்பில் பட்டால் கதை முடிந்தது.

உங்களுக்கு நான் சொல்வது ஆஸ்மாஸ். 2009-இல் வந்தது, போனிலும் ஆடலாம். அதில் நாம் மிதக்கும் ஒரு உருண்டை, திரையைத் தட்டி நகர வேண்டுமென்றாலே உடம்பில் கொஞ்சம் பிய்த்துப் பின்னால் எறிய வேண்டும். மற்ற உருண்டைகளில் நம்மைவிடச் சின்னது நீலம், பெரியது சிவப்பு. அவசரப்பட்டு மளமளவென்று தட்டினால் விழுங்கப் போன நீலம், நாம் போய்ச் சேர்வதற்குள் சிவப்பாகிவிடும், ஏனென்றால் வழியில் நாம் இளைத்துவிட்டோம். ஒன்றிரண்டு தட்டு போதும், அப்புறம் அதுவாக மிதந்துபோய்ச் சேரட்டும், கையை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்.