மக்கோலா சந்தையில் கேட்ட இருநூறாயிரம்

தம்பி, கானாவின் தலைநகர் அக்ராவுக்கு வந்த முதல் வாரமே மக்கோலா சந்தையில் ஒரு குவியல் தக்காளிக்கு இருநூறாயிரம் கேட்டார்கள், ஏமாற்றப் பார்க்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அந்த அம்மா கேட்டது இருபது சீடி; சீடிதான் இந்நாட்டுப் பணம். பழைய கணக்கில் சொல்லியிருக்கிறார்.

2007 ஜூலை 1 அன்று நான்கு சுழியங்களை நீக்கினார்கள். பழைய பத்தாயிரம் சீடி, ஒரு கானா சீடி ஆனது. நான் வந்தது அதற்கு முந்தைய ஆண்டு. அப்போது இருந்த மிகப் பெரிய தாளே இருபதாயிரம்தான். அது இரண்டு டாலரைச் சற்றுத் தாண்டும். இங்கே வீட்டு வாடகையை ஓராண்டு, ஈராண்டுக்கு மொத்தமாக முன்கூட்டியே கேட்பார்கள். துணிப்பை நிறைய நோட்டுக் கட்டுகளுடன் போய், வீட்டுக்காரர் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழற்றி எண்ணுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கணக்கு நாக்கிலிருந்து இன்னும் போகவில்லை. யாராவது ‘ஒரு மில்லியன்’ என்றால் பதறாதீர்கள், நூறு சீடி.

இந்தப் பணத்தின் பெயரே நமக்குத் தெரிந்த பொருள்தான். இங்கே பேசப்படும் அக்கான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது சீடி. மாலத்தீவுச் சோழி கப்பலேறி வந்து இந்தக் கரையில் காசாகப் புழங்கியிருக்கிறது. 1965இல் கானா பவுண்டுக்குப் பதிலாகச் சீடி வந்தபோது தாளில் முதல் அதிபர் இன்க்ருமாவின் முகம் இருந்தது. அடுத்த ஆண்டே இராணுவம் அவரைக் கவிழ்த்தது. 1967இல் வந்த புதிய சீடியில் அந்த முகம் இல்லை.

முதியவர்களிடம் 1979 பற்றிப் பேச்செடுத்தால் பொறுமையாகக் கேளுங்கள். அந்த ஆண்டு இராணுவ அரசு பழைய தாள்களைச் செல்லாது என்று அறிவித்து, பத்துக்கு ஏழு என்று மாற்றிக் கொடுத்தது. ஐந்தாயிரத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்குப் பத்துக்கு ஐந்துதான். மூன்றே ஆண்டுகளில் ஐம்பது சீடித் தாளையும் திரும்பப் பெற்றார்கள். என் பக்கத்து வீட்டுப் பாட்டி மிச்சம் பிடித்ததையெல்லாம் சிமெண்டுக் கல்லாக வாங்கி அடுக்கி வைத்திருந்தார். அவரைத் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது புழக்கத்தில் உள்ள மிகப் பெரிய தாள் 200. அதுவும் 100 சீடித் தாளும் 2019இல் வந்தவை. அவற்றில் நீங்கள் பார்க்கும் ஆறு முகங்களும் விடுதலைப் போராட்டத் தலைவர்களுடையவை. இரண்டு சீடித் தாளில் மட்டும் இன்க்ருமா தனியாக இருக்கிறார். சில்லறைக்குப் பெசெவா, நூறு பெசெவா ஒரு சீடி.

ட்ரோட்ரோ என்னும் சிற்றுந்தில் ஏறும்போது 200 சீடித் தாளை நீட்டாதீர்கள், நடத்துநரிடம் சில்லறை இருக்காது. சந்தைக்கு ஐந்தும் பத்துமாக எடுத்துப் போங்கள். நம் ஊரில் போலவே இங்கும் இடக்கையால் கொடுத்தால் மனம் நோவார்கள். மறு கையில் பை கனத்தாலும் அதைக் கீழே வைத்துவிட்டு வலக்கையால் கொடுங்கள்.