பழைய பாட்டிலில் புதிய பாட்டில்: கேள்வி பதில்

கேள்வி: ஷாம்பு பாட்டிலை முழுக்க முழுக்க மறுசுழற்சி செய்த பெட் (தண்ணீர் பாட்டில் வகை) பிளாஸ்டிக்கில் செய்யலாமா? கண்ணாடிபோல் தெளிவாக வேண்டும்.

பதில்: தாராளமாகச் செய்யலாம், தெளிவில்தான் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். பெட்டை உருக்கும்போதெல்லாம் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடுகின்றன. ஈரம் இருந்தால் இன்னும் வேகமாக அறுபடும். அதனால் பழைய பாட்டிலை நொறுக்கிய சில்லுகளை முதலில் நன்றாக உலர்த்துங்கள். அறுந்ததை நீட்டவும் வழி உண்டு: துகள்களை உருகவிடாமல், 200 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே, வெற்றிடத்திலோ நைட்ரஜனிலோ மணிக்கணக்கில் வைப்பார்கள். வலிமை திரும்பிவிடும், சூட்டில் ஏறிய மஞ்சள் நிறம் போகாது. நீலச் சாயம் துளி சேர்த்தால் மஞ்சள் மறையும், பாட்டில் சற்றே சாம்பல் பூக்கும். சாம்பலை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

கேள்வி: அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கிறதே, மறுசுழற்சி செய்த பொருளா?

பதில்: இல்லை. அது பிளாஸ்டிக்கின் வகை எண். தரம் பிரிப்பவர்களுக்காக 1988இல் வந்தது.

கேள்வி: பாட்டிலைச் சுற்றிப் பிவிசி உறை ஒட்டலாமா? மலிவு.

பதில்: வேண்டவே வேண்டாம். மறுசுழற்சியில் நீர்த்தொட்டியில் போட்டு, மிதப்பதையும் மூழ்குவதையும் பிரிப்பார்கள். பெட்டும் பிவிசியும் நீரில் மூழ்குபவை, பிரியாது. 250 டிகிரிக்கு மேல் உருக்கும்போது பிவிசி அமிலத்தைக் கக்கி, பெட்டின் சங்கிலிகளைச் சிதைக்கும். பாலிபுரோப்பிலீன் மூடி மிதக்கும். அது நல்ல பிள்ளை.

கேள்வி: கறுப்பு டப்பா?

பதில்: பிளாஸ்டிக்கை வகை பிரிக்கும் கருவி அகச்சிவப்பு ஒளியால் பார்க்கிறது. கறுப்பு நிறம் தரும் கார்பன் தூள் அந்த ஒளியை விழுங்கிவிடும். கருவிக்கு அந்த டப்பா தெரியவே தெரியாது.

கேள்வி: முக்கோணத்தில் 5 என்றால் ஐந்து முறை மறுசுழற்சி செய்ததா?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள். முக்கோணத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஆலையில் மிஞ்சும் துண்டுகளை அரைத்து அதே இயந்திரத்தில் போடுகிறோம். '30% மறுசுழற்சி' என்று அச்சிடலாமா?

பதில்: கூடாது. பொருளின் சூழல் வாசகங்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 14021 அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி (அவரே): கழிவு கழிவுதானே? குப்பைக்குப் போகாமல் தடுத்தேன்.

பதில்: குப்பைக்கு எப்போது அனுப்பினீர்கள்? நல்ல துண்டைத் திரும்பப் போடுவது சிக்கனம். சமையலறையில் மிஞ்சிய மாவைத் திரும்பப் பிசைந்துவிட்டு, விருந்தினரின் எச்சில் இலையைத் துடைத்தேன் என்கிறீர்கள்.

கேள்வி (இன்னொருவர்): வேறு ஆலையின் கழிவை வாங்கினால்?

பதில்: அது கணக்கில் வரும், நுகர்வோர் கைக்குப் போகாத கழிவு என்ற பெயரில். அதைத் தனியாக எழுதுங்கள். நுகர்வோர் வீசிய பாட்டிலோடு கலந்து ஒரே எண்ணாகக் காட்டினால், வாங்குபவர் தெருவிலிருந்து பொறுக்கியது என்றே நினைப்பார். நீங்களும் அவர் அப்படி நினைக்கட்டும் என்றுதானே எழுதுகிறீர்கள்?

கேள்வி (துண்டுகளை அரைப்பவர்): எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பதில்: என்னைக் கேட்டீர்கள், சொன்னேன்.

கேள்வி: உணவுக்கு அதே பாட்டில்?

பதில்: என் துறை அல்ல. உணவுப் பாதுகாப்பு ஆய்வகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: முக்கோணத்தில் 2...

பதில்: எச்டிபிஇ, அதாவது அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன் என்ற வகை. அதற்கு மேல் அர்த்தம் இல்லை.

கேள்வி: மறுசுழற்சி எச்டிபிஇயில் செய்த டப்பா சோப்பு மணக்கிறதே?

பதில்: முன்பு அதில் இருந்த வாசனைத் திரவியம் சுவருக்குள் ஊறியிருக்கிறது. கழுவினால் போகாது, துகளைச் சூடான காற்றில் வெகுநேரம் வைத்தால் குறையும். சோப்பே விற்பவர் என்றால் விட்டுவிடுங்கள்.