பூ பூத்த நேரத்துல ஸ்னோ: கேட்டீங்க, சொல்றேன்

செடியெல்லாம் துளிர்விட்டு நிக்கற நேரத்துல ஸ்னோ கொட்டினதும் ஆளாளுக்கு கேள்வி அனுப்பிட்டு இருக்கீங்க. வானிலை கணிப்புதான் என் வேலை, தோட்டம் என் பைத்தியம், அதனால ரெண்டு பக்கக் கேள்வியும் எடுத்துக்கறேன். ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: அக்கா, போன வாரம் 24 டிகிரி, டி-ஷர்ட் போட்டுட்டு சுத்தினேன். இன்னிக்கு காலைல எழுந்து பார்த்தா எல்லாம் வெள்ளை. ஒரே வாரத்துல இது எப்படி?

குளிர் எங்கயும் போயிடல தம்பி, துருவத்துப் பக்கம் அப்படியே குவிஞ்சு கிடக்கு. ஆர்க்டிக் கடல்ல பனிக்கட்டி அதோட அதிகபட்ச பரப்புக்கு வர்றதே மார்ச் மாசத்துலதான், ஏப்ரல் மே வரைக்கும் அங்க காத்து நல்லா சில்லுனுதான் இருக்கும். அந்தக் காத்துக்கும் நமக்கும் நடுவுல ஒரு 9, 10 கிலோமீட்டர் உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்ங்கற வேகமான காத்தோட்டம் மேற்கிலிருந்து கிழக்க ஓடுது. குளிர்காலத்துல அது வேகமா ஓடும், வசந்தம் வந்ததும் வேகம் குறைஞ்சு, சமவெளிக்கு இறங்கின ஆறு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஓட ஆரம்பிச்சுடும். வளைவு வடக்க ஏறற இடத்துல தெற்குக் காத்து வந்து வெயில் அடிக்கும், தெற்க இறங்கற இடத்துல துருவக் காத்து நேரா உங்க தலைமேல வரும். போன வாரம் நீங்க முதல் பக்கத்துல இருந்தீங்க, வளைவு நகர்ந்துடுச்சு, இப்ப ரெண்டாவது பக்கம். சில சமயம் ஒரு உயர் அழுத்தம் வழியில உட்கார்ந்துகிட்டு நகரவே மாட்டேன்னு அடம்பிடிக்கும், அதுக்கு பிளாக்கிங்னு பேரு, அப்ப ஒரு நாள்ல போயிருக்க வேண்டிய குளிர் ஒரு வாரத்துக்கு இழுத்துடும். (தெற்கு அரைக்கோளத்துல இருக்கறவங்க வடக்கு தெற்கையும் மாசத்தையும் திருப்பிப் போட்டுக்கோங்க.)

கேள்வி: தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டுது, ஆனா ஸ்னோ விழுது. தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகல, சரியாத்தான் காட்டுது. நாம தரையில அளக்கறோம், ஸ்னோ உருவாகறது மேகத்துல, அங்க ஜீரோவுக்கு ரொம்ப கீழ. வெப்பநிலை ஜீரோவைத் தொடற உயரத்தைத் தாண்டி இறங்கினதும் உடனே உருகிடாது, ஒரு 200, 300 மீட்டர் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். அது மட்டும் இல்ல, உருகறதுக்கு வெப்பம் வேணும் இல்லையா, அதைச் சுத்தி இருக்கற காத்துகிட்டேருந்துதான் எடுத்துக்கும், காத்து காய்ஞ்சு இருந்தா கொஞ்சம் ஈரம் ஆவியாகி இன்னும் குளிர்விக்கும். அதனாலதான் சாயங்காலம் மழையா ஆரம்பிச்சது, வலுத்துப் பெய்யப் பெய்ய ராத்திரி 9 மணிக்கு ஸ்னோவா மாறுது, வெளியிலேருந்து புதுசா குளிர் காத்து எதுவும் வராமலே. தூறலா இருந்தா மழையாவே முடிஞ்சிருக்கும். வசந்தகால ஸ்னோவை கணிக்கறது இவ்வளவு கஷ்டமா இருக்கறதுக்கு இதுதான் காரணம், ஒரு டிகிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனா மொத்த கணக்கும் மாறிடும்.

கேள்வி: வெள்ளையா சின்னச் சின்ன உருண்டை விழுந்துச்சு, கையில எடுத்தா நொறுங்குது. ஆலங்கட்டியா?

ஆலங்கட்டி கெட்டியா இருக்கும், நொறுங்காது. நீங்க பார்த்தது கிராப்பல். ஸ்னோ மேல மேகத்துல இருக்கற குளிர்ந்த நீர்த்துளி ஒட்டி ஒட்டி உறைஞ்சு உருண்டையாகிடும். மேல 5 கிலோமீட்டர்ல மைனஸ் 30, கீழ தரையை வெயில் சூடாக்குது, காத்து கடகடன்னு மேல ஏறும், பத்து நிமிஷம் கிராப்பல், அப்புறம் வெயில், அப்புறம் மறுபடி, சில நேரம் இடியோட. வசந்தகாலத்துக்கே உரிய காட்சி இது, எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: மே மாசம் ஸ்னோ விழுது, இன்னும் பூமி சூடாகுதுன்னு சொல்லிட்டே இருக்கீங்களே?

சொல்லுவேன். ஒரு வாரம் ஒரு இடத்துல குளிர்றதும் மொத்த பூமியோட சராசரியும் வேற வேற விஷயம், ஆனா அதோட நிறுத்திட்டா உங்க கேள்விக்கு பாதிதான் பதில் சொன்ன மாதிரி. இந்தக் குளிர் உங்க மரத்தை ஏன் இவ்வளவு அடிக்குதுன்னு பாருங்க. இதே மைனஸ் 3 ஜனவரியில வந்திருந்தா யாராவது கண்டுக்கிட்டு இருப்போமா? மரம் தூங்கிட்டு இருந்திருக்கும். இப்பல்லாம் பிப்ரவரி மார்ச்லயே வெயில் அடிச்சு மரத்தை எழுப்பி விட்டுடுது, ஆனா உறைபனி ராத்திரிகள் அதே வேகத்துல முன்னாடி முடியறதில்ல, நடுவுல மாட்டிக்கறது மொட்டுதான்.

2021 வசந்தத்தையே எடுத்துக்கோங்க. ஜப்பான்ல கியோட்டோவுல செர்ரி மரங்கள் மார்ச் 26ஆம் தேதியே முழுசா பூத்துடுச்சு, ஆயிரத்து இருநூறு வருஷப் பதிவுல அதுவரைக்கும் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்ல. அதே மார்ச் கடைசியில பிரான்ஸ்ல 25 டிகிரிக்கு மேல வெயில், திராட்சைக் கொடியெல்லாம் துளிர் விட்டுடுச்சு, ஏப்ரல் முதல் வாரம் முடியறதுக்குள்ள உறைபனி வந்து நாடு பூரா தோட்டங்களைக் கருக்கிடுச்சு. ராத்திரி முழுக்க விவசாயிங்க கொடி வரிசைக்கு நடுவுல மெழுகு டப்பா கொளுத்தி வெச்சு காவல் இருந்த படங்களைப் பார்த்தப்ப எனக்கு மனசே ஆறல. அதை அப்புறம் ஆராய்ஞ்சவங்க சொன்னது, பூமி சூடானதால அந்தக் குளிர் முன்ன மாதிரி கடுமையா இல்ல, ஆனா துளிர் முன்கூட்டியே வந்ததால துளிர்மேல உறைபனி விழற வாய்ப்பு கூடிடுச்சுன்னு. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை. ஆர்க்டிக் சூடாகறதுனாலதான் ஜெட் ஸ்ட்ரீம் இப்படி வளையுதான்னு தனியா ஒரு விவாதம் ஆராய்ச்சியாளர்களுக்குள்ள ஓடிட்டு இருக்கு, அதை முடிவான விஷயமா யாராவது எழுதினா நம்பாதீங்க.

கேள்வி: ஆப்பிள் மரம் முழுக்க பூ. ராத்திரி மைனஸ் 2 போச்சு. இந்த வருஷம் காய் கிடையாதா?

அவசரப்பட்டு அழாதீங்கம்மா. ஆப்பிள் முழுசா பூத்து நிக்கறப்ப மைனஸ் 2.2ல அரை மணி நேரம் இருந்தா பத்துல ஒரு பூ போகும், மைனஸ் 3.9 போனா பத்துல ஒன்பது போயிடும். நடுவுல இருக்கறது ரெண்டு டிகிரிகூட இல்ல பாருங்க. இதே மொட்டு இப்பதான் வெள்ளி நிறத்துல நுனி காட்டுற நிலையில இருந்திருந்தா பத்துல ஒண்ணு போறதுக்கே மைனஸ் 9 வேணும். மரம் அதேதான், எவ்வளவு தூரம் விழிச்சிருக்குங்கறதுதான் கணக்கு.

மதியம் வரைக்கும் விட்டுட்டு நாலஞ்சு பூவை வெவ்வேற உயரத்துலேருந்து பறிச்சு நகத்தால பிளந்து பாருங்க. நடுவுல சூலகம் பச்சையா இருந்தா உயிரோட இருக்கு, பழுப்பு இல்ல கருப்பா இருந்தா போச்சு. இதழ் வெளிய அழகாவே இருக்கும், அதை நம்பாதீங்க. ஆப்பிள்ல நூறு பூவுல ஒரு அஞ்சு பத்து காயா நின்னாலே மரம் நிறைஞ்சிடும், அதனால உங்க மைனஸ் 2க்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆகியிருக்காது.

கேள்வி: தக்காளி நாத்து வெளிய வெச்சுட்டேன். இன்னிக்கு ராத்திரி என்ன பண்ணலாம்?

தொட்டியில இருந்தா பேசாம உள்ள தூக்கிடுங்க. மண்ணுல நட்டுட்டீங்கன்னா சாயங்காலம் வெயில் இறங்கறதுக்கு முன்னாடியே மூடிடணும், ஏன்னா நாம காப்பாத்தப் போறது பகல்ல மண்ணு வாங்கி வெச்ச சூட்டைத்தான், செடிக்குன்னு தனியா சூடு கிடையாது. பழைய பெட்ஷீட், அட்டைப்பெட்டி, கவுத்துன வாளி எதுவா இருந்தாலும் சரி, ஓரம் தரையைத் தொடணும். செடித் தலையில மட்டும் போத்தி கீழ கட்டிவிட்டா மண்ணோட சூடு உள்ள வராது, அது நிறைய பேர் பண்றது. பிளாஸ்டிக் இலையில ஒட்டக்கூடாது, ஒட்டின இடம் கருகிடும். மண்ணு காய்ஞ்சிருந்தா பகல்லயே தண்ணி விடுங்க, ஈர மண்ணு சூட்டை அதிகம் பிடிச்சு வெச்சுக்கும். காலைல வெயில் வந்ததும் எடுத்துடுங்க. பட்டாணி, முட்டைக்கோஸ், பாலக்கீரை எல்லாம் லேசான உறைபனியைத் தாங்கிடும், அதைப் பத்தி கவலைப்படாதீங்க.

கேள்வி: பெரிய தோட்டத்துல தண்ணி தெளிச்சு பூவை ஐஸ்ல மூடி வெச்சிருக்காங்க. அப்புறம் எப்படி பூ சாகாம இருக்கு?

நல்ல கேள்வி. தண்ணி உறையும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை வெளிய விடும். தொடர்ந்து தண்ணி விழுந்து தொடர்ந்து உறைஞ்சுகிட்டே இருந்தா பூவோட வெப்பநிலை ஜீரோகிட்டயே நிக்கும், ஜீரோவுல பூ சாகாது. இதுல "தொடர்ந்து"ங்கறதுதான் உயிர். பாதி ராத்திரியில பம்ப் நின்னா அந்த ஈரம் ஆவியாக ஆரம்பிக்கும், ஆவியாகறதுக்கு கிராமுக்கு சுமார் 600 கலோரி பூவுலேருந்தே உறிஞ்சும், தெளிக்காமலே விட்டிருக்கலாம்ங்கற நிலைமை ஆயிடும். அதனால வீட்டுல ஹோஸ் பைப்பால ஒரு தடவை நனைச்சுட்டு தூங்கப் போறவங்க தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க.

பெரிய ஃபேன் வெச்சிருக்கறதையும் பார்த்திருப்பீங்க. காத்தில்லாத தெளிவான ராத்திரியில குளிர்ந்த காத்து தரையில படுத்துக்கும், 10, 15 மீட்டர் மேல சில டிகிரி சூடா இருக்கும், ஃபேன் அதைக் கீழ இழுத்து கலக்கும். ஆனா காத்தே குளிரைக் கொண்டுவர்ற ராத்திரியில மேலயும் குளிர்தான், ஃபேன் போட்டு பிரயோஜனம் இல்ல. புகை போடறதும் பெருசா உதவாது, சூடுதான் உதவும்.

கேள்வி: ஸ்னோ விழுந்த ராத்திரி செடிக்கு ஒண்ணும் ஆகல, அடுத்த நாள் ராத்திரிதான் கருகிடுச்சு. ஏன்?

ஏன்னா ஸ்னோ விழற ராத்திரி மேகம் இருக்கும், மேகம் தரையோட சூட்டைத் திருப்பி அனுப்பும், ஸ்னோவும் ஜீரோகிட்டயே இருந்து செடியைப் போர்த்திடும். அடுத்த நாள் வானம் தெளிஞ்சு, காத்து நின்னு, அதே குளிர் காத்து தங்கிட்டா, சூடெல்லாம் மேல போயிடும். நான் எப்பவும் சொல்றது, ஸ்னோ நின்ன அடுத்த ராத்திரிக்குப் பயப்படுங்க. சாயங்காலம் மேகமும் இல்ல காத்தும் இல்ல, பனிநிலைப் புள்ளி (காத்துல இருக்கற ஈரம் பனித்துளியா படிய ஆரம்பிக்கற வெப்பநிலை, dew point) ஜீரோவுக்குக் கீழன்னா முன்னறிவிப்பு 2 டிகிரின்னு சொன்னாலும் மூடிடுங்க. அந்த 2 டிகிரி தரையிலேருந்து ஒண்ணரை, ரெண்டு மீட்டர் உயரத்துல அளக்கறது, புல்லு மட்டத்துல அதைவிட சில டிகிரி குறைவா இருக்கும். பள்ளமான இடத்துல இன்னும் குறையும்.

கேள்வி: வெறும் 10 சென்டிமீட்டர்தான், குளிர்காலத்துல 30 விழுந்தப்போ ஒண்ணும் ஆகல, இப்ப கிளை முறிஞ்சு கிடக்கு?

வசந்தகால ஸ்னோ ஈரமா, கனமா இருக்கும். அந்த 10 சென்டிமீட்டர்ல 20 மில்லிமீட்டர் தண்ணி இருந்தா சதுர மீட்டருக்கு 20 கிலோ. குளிர்கால பவுடர் ஸ்னோல இதுல மூணுல ஒரு பங்குதான் வரும், அதுவும் மொட்டைக் கிளையிலேருந்து சரிஞ்சு விழுந்துடும். இப்ப ஒவ்வொரு இலையும் ஏந்திப் பிடிக்குது. கை எட்டுற கிளையை கீழேருந்து துடைப்பத்தால மெதுவா மேல தூக்கி விடுங்க, உலுக்காதீங்க. கரண்ட் கம்பி பக்கத்துல போகவே வேண்டாம்.

கேள்வி: விண்டர் டயரை கழட்டிட்டேன். ஓட்டலாமா?

வேண்டாம். சம்மர் டயரோட ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழயே விறைக்க ஆரம்பிச்சுடும். அரை நாள் பொறுங்க, மே மாச ஸ்னோ ரோட்டுல நிக்காது. மே 10ஆம் தேதி சூரியன் ஆகஸ்ட் தொடக்கத்துல இருக்கற அதே உயரத்துல இருக்கும், மேகம் விலகினா மதியத்துக்குள்ள கரைஞ்சிடும்.

கேள்வி: தேனீப்பெட்டி ஒண்ணு இருக்கு, ஒரு தேனீகூட வெளிய வரல. திறந்து பார்க்கட்டுமா?

திறக்காதீங்க! 10 டிகிரிக்குக் கீழ தேனீ பறக்காது, உள்ள ஒண்ணா கூடி குஞ்சுகளை 35 டிகிரிகிட்ட வெச்சுக்கப் போராடிட்டு இருக்கும், மூடியைத் திறந்தா அவ்வளவும் வீண். பெட்டியைப் பின்பக்கம் லேசா தூக்கி கனம் பாருங்க. வசந்தத்துல குஞ்சு பெருகி இருக்கும், சேமிச்ச தேன் தீர்ந்திருக்கும், அதனால குளிரைவிட பசியிலதான் கூட்டம் அழியும். லேசா இருந்தா கெட்டியான சர்க்கரைப் பாகுக் கட்டியை சட்டுனு மேல வெச்சு மூடிடுங்க. தகைவிலான் குருவிங்களுக்கும் இதே கதிதான், பறக்கற பூச்சி இல்லாம தவிக்கும்.

கேள்வி: இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா? ஜூன்ல?

நடந்திருக்கு. கிரிக்கெட் பிடிச்சவங்களுக்கு இது பிடிக்கும்: 1975 ஜூன் 2, இங்கிலாந்துல பக்ஸ்டன் மைதானத்துல டெர்பிஷயருக்கும் லங்காஷயருக்கும் கவுண்டி மேட்ச், ஸ்னோ விழுந்து ஆட்டம் நின்னுபோச்சு. அம்பயர் டிக்கி பேர்ட். அதுக்கு அஞ்சு நாள் கழிச்சு முதல் உலகக்கோப்பை தொடங்கினப்போ நல்ல வெயில். 2020 மே 9 நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல லேசா ஸ்னோ பதிவாச்சு, அங்க அதுக்கு முன்னாடி அவ்வளவு தாமதமா விழுந்தது 1977லதான். ஆனா 1816 வேற ரகம், அதை இதோட சேர்க்கக்கூடாது. 1815 ஏப்ரல்ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சு, மேல போன கந்தகத் துகள் சூரிய ஒளியை மறைச்சு, அடுத்த வருஷம் ஜூன்ல அமெரிக்காவோட வடகிழக்குல ஸ்னோ, ஐரோப்பாவுல பயிரெல்லாம் போய் பஞ்சம். அது ஜெட் ஸ்ட்ரீமோட ஒரு வார வளைவு இல்ல, உலகத்தையே தொட்ட குளிர்.

கேள்வி: சரி அக்கா, எப்பதான் நாத்து நடலாம்?

உங்க பகுதியோட கடைசி உறைபனி தேதியைப் பாருங்க, ஆனா அது சராசரிங்கறதை மறக்காதீங்க, பாதி வருஷங்கள்ல அதுக்கு அப்புறமும் உறைபனி வரும். மத்திய ஐரோப்பாவுல மே 11லேருந்து 15 வரைக்கும் வர்ற புனிதர் நாட்கள் தாண்டாம மென்மையான செடியை வெளிய வைக்காதேன்னு காலங்காலமா சொல்லுவாங்க, அந்தத் தேதியில வருஷா வருஷம் குளிர் வரும்னு இல்ல, ஆனா அவ்வளவு நாள் காத்திருங்கற யோசனை நல்ல யோசனை. நான் பண்றது, கடைசி உறைபனி தேதிக்கு ரெண்டு வாரம் தள்ளி, அடுத்த பத்து நாள் முன்னறிவிப்புல ராத்திரி 10 டிகிரிக்குக் குறையலைன்னா நடுவேன். பாதி நாத்தை உள்ளயே வெச்சுக்கோங்க, மீதிய நடுங்க.