17 எழுத்து, இரண்டு அசை

அன்புள்ள சார்,

வணக்கம். இங்கிலாந்தில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் காப்பீட்டு விவரம் சொல்கிற வேலையில் இருக்கிறேன். போன மாதம் திரையில் ஒரு பெயர் வந்தது. எழுத்தெழுத்தாகப் பார்த்து, மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "மிஸஸ் ஃபெதர்ஸ்டோன்ஹாக்" என்று கூப்பிட்டேன். மறுமுனையில் வயதான ஒரு அம்மா. சிரித்துவிட்டார். "ஃபேன்ஷா என்று சொன்னால் போதும்" என்றார். வேறு யாருடைய கணக்கையோ திறந்துவிட்டேன் என்று பயந்து முகவரியை இரண்டு தடவை சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அப்படி ஒரு பெயர் உண்மையிலேயே உண்டா, இல்லை அவர் என்னைக் கேலி செய்தாரா? உண்டு என்றால் அதற்குப் பொருள் என்ன, எத்தனை பேருக்கு இருக்கும்? சொல்வது ஒன்று எழுதுவது ஒன்று என்றால், எழுத்தை மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதானே?

எஸ்., குரோம்பேட்டை

அன்புள்ள எஸ்.,

கேலி இல்லை. பெயரும் நிஜம், உச்சரிப்பும் நிஜம். ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள், Featherstonehaugh, 17 எழுத்து. வாயில் வருவது 'ஃபேன்-ஷா', இரண்டே அசை. நம் யாப்புக்காரர்கள் அலகிட்டால் தேமா, தீர்ந்தது. மீதி எழுத்துகள் எங்கே போயின என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் பொருள்.

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி நார்தம்பர்லாந்து. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர் போகிற பகுதி. அங்கே ஹால்ட்விசில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், தெற்கு டைன் ஆற்றோரமாக ஃபெதர்ஸ்டோன் கோட்டை இன்றும் நிற்கிறது. பெயர் பிறந்த இடம் அதுதான்.

'ஃபெதர்' என்றதும் இறகு ஞாபகம் வரும். பழைய ஊர்வரலாறு எழுதியவர்களே இறகைப் பிடித்துக்கொண்டு கதை கட்டியிருக்கிறார்கள். பெயராய்வாளர்கள் சொல்வது வேறு: பழைய ஆங்கிலத்தில் 'ஃபெதர்' என்ற முன்னொட்டுக்கு நான்கு என்று பொருள். நாலுகால் பிராணியைக் குறித்த பழஞ்சொல்லிலும் அதே முன்னொட்டுதான். ஆக, ஃபெதர்ஸ்டோன் என்றால் 'நாற்கல்'. மூன்று கல்லை நட்டு மேலே ஒரு கல்லை மூடியாகப் போடும் பழங்காலக் கல்லமைப்பு. நம்மூரில் கற்திட்டை என்கிறோமே, கிட்டத்தட்ட அது.

வால் பகுதியான 'ஹா' வடக்கத்தி வட்டாரச் சொல். ஆறு வளைந்து போகும் இடத்தில் வண்டல் படிந்து கிடக்கும் தட்டையான நிலம். காவிரிக்கரைக்காரர்களிடம் கேட்டால் யோசிக்காமல் 'படுகை' என்பார்கள். முழுப் பெயரையும் தமிழாக்கினால் 'நாற்கல் படுகை'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த வால் எப்படி ஒட்டியது என்பதற்கும் பழைய நூல்களில் ஒரு கதை உண்டு. முதலில் வீடு குன்றின்மேல், அந்தக் கற்களுக்குப் பக்கத்தில், ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் பயந்து அகழி வெட்டிக்கொண்டு இருந்ததாம். அது பாழான பிறகு கீழே ஆற்றுப் படுகையில் புது வீடு கட்டினார்கள். வீடு இறங்கியது, பெயருக்கு வால் முளைத்தது. இறகுக் கதையை நான் நம்பவில்லை, இதை நம்பலாம் போலிருக்கிறது.

சரி, உச்சரிப்பு. 17 எழுத்து எப்படித் தேய்ந்திருக்கும் என்பதை இப்படி ஊகிக்கலாம். நடுவே இருக்கும் 'தர்' நாக்குக்குச் சுமை, அது முதலில் விழுந்தது. 'ஸ்டோன்' சுருங்கி 'ஸ்ன்' ஆனது. அதற்குள் இருந்த 'ன்' ஓரடி முன்னே நகர்ந்துகொள்ள, 'ஸ்' போய் 'ஹா'வின்மேல் முட்டியது. ஸ்-உம் ஹ-உம் சேர்ந்தால் 'ஷ'. ஃபேன்ஷா வந்துவிட்டது. ஆனால் இந்தப் பெயர் உள்ள எல்லாரும் ஃபேன்ஷா அல்ல. எழுதியிருப்பதை ஒட்டியே 'ஃபெதர்ஸ்டன்ஹா' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் பல படிகளில் நின்றுவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அடுத்த முறை இந்தப் பெயர் வந்தால் உடனே ஃபேன்ஷா என்று போட்டு அசத்திவிடாதீர்கள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். இன்னொரு குழப்பம்: ஃபேன்ஷா என்றே எழுதி ஃபேன்ஷா என்றே சொல்லும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் டார்பிஷர் பக்கம், ஃபேன்ஷாகேட் என்ற இடத்திலிருந்து பெயர் பெற்றவர்கள். போர்ச்சுக்கீசியக் கவி கமோயிஷின் காவியத்தை 1655-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த சர் ரிச்சர்ட் ஃபேன்ஷா அந்த வம்சம். இவர்களுக்கும் நாற்கல் படுகைக்கும் சம்பந்தமில்லை.

இப்படிச் சுருங்குவதற்கு நம் இலக்கணத்தில் பெயரே இருக்கிறது, மரூஉ. சோழநாடு சோணாடு ஆகும், தஞ்சாவூர் தஞ்சை ஆகும், கோயம்புத்தூர் கோவை ஆகும். நன்னூல் இதைத் தவறு என்று தள்ளவில்லை, இயல்பு வழக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஒரே வித்தியாசம், நாம் மருவியதை மருவியபடியே எழுதிவிடுகிறோம். கோவை என்று எழுதிவிட்டு அதைக் கோயம்புத்தூர் என்று வாசிப்பதில்லை. ஆங்கிலேயர் வாயில் மருவவிட்டு, தாளில் பழையதையே வைத்துக்கொண்டார்கள். கொடுமை என்னவென்றால், இங்கே வந்து திருநெல்வேலியைக் காதால் கேட்டு 'டின்னெவெல்லி' என்று பதிவேட்டில் ஏற்றியவர்களும் இவர்கள்தான். நம் ஊரைக் காதுக்கு விட்டார்கள், தங்கள் பெயரை மட்டும் விடவில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு, எழுத்தை ஏன் மாற்றிக்கொள்ளவில்லை என்பதற்கு, என் பதில் ஒரு வார்த்தைதான்: சொத்து. பெயர் பத்திரத்தில் இருக்கிறது, உயிலில் இருக்கிறது, கல்லறையில் இருக்கிறது. உச்சரிப்பு மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை, எழுத்து மாறினால் வழக்குக்கு வழி. சொந்தக்காரருக்கு மட்டும் தெரிந்த உச்சரிப்பில் கொஞ்சம் வர்க்கத் திமிரும் உண்டு என்பது என் அபிப்பிராயம். 'சோல்மாண்டலி' என்பது போல எழுதி 'சம்லி' என்பார்கள், 'பூச்சாம்ப்' என்பது போல எழுதி 'பீச்சம்' என்பார்கள். தவறாகச் சொன்னால் நீங்கள் வெளியாள். ஆனால் எல்லாவற்றையும் திமிர்க் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. ஸ்காட்லாந்தின் 'மென்சீஸ்' என்ற பெயரைப் பழையபடி சொன்னால் 'மிங்கிஸ்'. அங்கே யோக் என்று ஒரு பழைய எழுத்து இருந்தது, பார்க்க 3 போல இருக்கும். அச்சுக்கூடத்தில் அந்த எழுத்து இல்லாததால் 'இசட்' போட்டு ஒப்பேற்றினார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது. 'ழ'வுக்கு ஆங்கிலத்தில் எழுத்து தேடி அலைந்தவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

எத்தனை பேர் என்று கேட்டீர்கள். இங்கிலாந்தில் ஸ்மித் நூற்றுக்கு ஒருவருக்கு மேல். கொல்லுப்பட்டறை இல்லாத ஊர் இல்லை, ஆகவே அந்தப் பெயர் ஆயிரம் இடங்களில் தனித்தனியாகப் பிறந்தது. ஊர்ப்பெயரால் வந்தவை அப்படியில்லை. ஒரு சிற்றிடம், அங்கிருந்து ஒரே குடும்பம், அவ்வளவுதான் விதை. வால் இல்லாத 'ஃபெதர்ஸ்டோன்' இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறது. யார்க்‌ஷரிலும் ஸ்டாஃபோர்ட்‌ஷரிலும் அதே பெயரில் ஊர்கள் இருப்பது அதற்கு ஒரு காரணம். முழு வாலோடு எழுதுகிறவர்கள் அபூர்வம், அவர்களுக்குள்ளும் 'ஃபெதர்' என்பதில் 'ஏ' உண்டா இல்லையா, 'ஸ்டோன்' முடிவில் 'ஈ' உண்டா இல்லையா என்று கட்சிகள். உங்கள் கணினிக்கு அவை எல்லாம் வேறு வேறு பெயர்கள். அயர்லாந்தில் வெஸ்ட்மீத் பக்கம் குடியேறிய கிளையில் சிலர் வாலை நறுக்கி ஒற்றை எழுத்தை மட்டும் மிச்சம் வைத்தார்கள்: 'ஃபெதர்ஸ்டன்-எச்'. இனிஷியலைப் பின்பக்கம் மாட்டியது போல.

அபூர்வப் பெயர்கள் தானாகவே அற்றுப்போகும். 1870-களில் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கில அறிவியலாளர் இதை ஒரு கணக்காகப் போட்டு, வாட்சன் என்ற பாதிரியார் விடை கண்டார். மகன் இல்லாத தலைமுறை ஒன்று வந்தால் அந்தக் கிளையின் பெயர் முடிந்தது, இதற்குப் போரோ கொள்ளைநோயோ வேண்டாம், தற்செயலே போதும் என்பது அதன் சாரம். எல்லாப் பெயரும் ஒருநாள் அழியும் என்று அவர்கள் முடித்தது மட்டும் தப்பு. ஆனால் கணக்கை ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது. அதுதான் உயில்.

தெற்கே, சசெக்ஸில் அப்பார்க் என்று ஒரு மாளிகை. வடக்கத்தி வம்சத்தைச் சேர்ந்த மேத்யூ ஃபெதர்ஸ்டன்ஹாவுக்கு 1746-இல் உறவினர் ஒருவரிடமிருந்து 4,00,000 பவுண்டு வந்தது. பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம் வாங்க வேண்டும், தென்னிங்கிலாந்தில் எஸ்டேட் வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. மறு வருஷமே இரண்டையும் வாங்கிவிட்டார். அவர் மகன் சர் ஹாரி இளமையில் ஆடாத ஆட்டம் இல்லை. கடைசியில் 1825-இல், 70 வயதில், தன் பால்பண்ணையில் வேலை பார்த்த மேரி ஆன் புல்லக் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அவளுக்கு வயது இருபதை ஒட்டி. ஊர் சிரித்தது. அவளைப் பாரிஸுக்கு அனுப்பிப் படிக்கவைத்ததாகச் சொல்வார்கள். குழந்தை இல்லை. 1846-இல் அவர் இறந்ததும் எல்லாம் அவளுக்கு. அவளுக்குப் பிறகு தங்கை பிரான்சஸ் புல்லக்குக்கு. பிரான்சஸ் உடனே ஃபெதர்ஸ்டன்ஹா என்று பெயர் மாற்றிக்கொண்டார். அந்த இரத்தத்தில் ஒரு சொட்டு இல்லை, கல்யாண உறவும் அக்காவோடு சரி. பெயர் மட்டும் வீட்டோடு வந்தது. இவரிடம்தான் நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸின் அம்மா 1880-இலிருந்து 1893 வரை வீட்டு நிர்வாகியாக இருந்தார். சிறுவன் வெல்ஸ் அந்த வீட்டுப் புத்தகங்களை மேய்ந்து வளர்ந்தவர். பிரான்சஸுக்குப் பிறகு சொத்தைப் பெற்ற டர்னர் குடும்பத்தவரும் அடுத்து வந்த மீட் குடும்பத்தவரும் தங்கள் பெயருக்குப் பின்னால் ஃபெதர்ஸ்டன்ஹாவைச் சேர்த்துக்கொண்டார்கள். இங்கே பெயர் வாரிசைத் தேடிப் போகிறது.

இந்தப் பெயரை வைத்து நடந்த அழகான மோசடி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் சர்டீஸ் என்பவர் டர்ஹாம் வரலாற்றாசிரியர். அவர் கவிஞர் சர் வால்டர் ஸ்காட்டுக்கு ஒரு பழைய நாட்டுப்பாட்டை அனுப்பினார். ரிட்லி, தேர்ல்வால் என்ற குடும்பத்தார் சேர்ந்து ஆல்பனி ஃபெதர்ஸ்டன்ஹாவை வெட்டிச் சாய்த்த கதை. ஆல்ஸ்டன் மேட்டில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் எண்பது வயதுத் தாய் பாடக் கேட்டது என்று குறிப்பும் வைத்தார். ஸ்காட் மகிழ்ந்துபோய் 1808-இல் தன் 'மார்மியன்' காவியத்தில் அதைப் போட்டுவிட்டார். கிழவியும் இல்லை, பாட்டும் இல்லை, எல்லாம் சர்டீஸ் கைவேலை. ஸ்காட் 1832-இல் சாகும்வரை அவருக்குத் தெரியாது. சர்டீஸ் இறந்த 1834-இல், வட இங்கிலாந்தின் ஓலைகளை, மன்னிக்கவும், கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பிக்க அவர் பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள்! நமக்கு இதில் வேண்டியது ஒரு இயைபு, அடிகளின் முடிவில் ஒலி ஒத்து வருவது. மார்மியனில் ஃபெதர்ஸ்டன்ஹா என்பதற்கு இணையாக 'டெட்மன்ஸ் ஷா' என்ற இடப்பெயர் வருகிறது. வால் அப்போதே 'ஹா' என்றுதான் ஒலித்தது, நீங்கள் சொன்ன 'ஹாக்' இல்லை.

கடைசியாக ஒரு ஆள். ஜார்ஜ் வில்லியம் ஃபெதர்ஸ்டன்ஹா, 1780-இல் பிறந்தவர். அமெரிக்கா போய் ரயில் பாதைக்கு உரிமம் வாங்கினார், 1834-இல் அமெரிக்க அரசின் முதல் நிலவியலாளர் ஆனார். வயதான காலத்தில் பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் பிரிட்டிஷ் துணைத்தூதராக (கான்சல்) உட்கார்ந்திருந்தார். 1848 பிப்ரவரியில் பாரிஸில் புரட்சி. மன்னர் லூயி பிலிப் கன்ன மயிரை மழித்துக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, கடற்கரையோரம் ஒளிந்து திரிந்தார். அவரைக் கப்பலேற்றும் பொறுப்பு நம் தூதர் தலையில் விழுந்தது. துறையில் போலீஸ் பார்த்துக்கொண்டிருக்க, மன்னரைத் தன் மாமா என்று அழைத்துக் கையோடு கூட்டிப்போய்ப் படகில் ஏற்றினார். மாமாவுக்கு ஒரு பெயர் வேண்டுமே. தன் பெயரைக் கொடுத்திருந்தால் எழுத்துக்கூட்டிச் சொல்வதற்குள் பிடித்திருப்பார்கள். மார்ச் 3-ஆம் தேதி நியூஹேவனில் இறங்கிய பிரெஞ்சு மன்னரின் பெயர் மிஸ்டர் ஸ்மித்.